சேவையகத்திற் கொள்கலன்: ஒரு வரலாற்று நோக்கு

2004 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமியுமாகிய காலையிலே, சுமாத்திராவுக்கு அயலில் எழுந்த கடல்கோள் இலங்கையின் கீழ்க்கரையை வந்து தாக்கிற்று. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் ஊர்களிலே கடலை அடுத்த வீதிகள் சில நிமிடத்துள் மணற்றிடல்களாயின. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் அன்று அத்துணை உயிர்களை இழக்கவில்லை. உயிரோடு ஏடுகளும் போயின. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், பரீட்சைப் பெறுபேறு என வீட்டில் உள்ள எழுத்தெல்லாவற்றையும் ஒரே பெட்டியிலே பூட்டி வைப்பது நம்மவர் வழக்கம். பெட்டி போகவே, தாம் இன்னார் என நாட்டுவதற்கும் பலருக்குச் சான்று இல்லாமற் போயிற்று.

அந்நாட்களிலேயே கொழும்பில் வேறொரு முயற்சி தொடங்கியது. லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் என்னும் அமைப்பின் ஆதரவிலே தன்னார்வ மென்பொருளாளர் பலர் கூடி, காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, வேண்டிய பொருள்களின் பட்டியல் ஆகியவற்றை இணையவழி பேணும் மென்பொருளொன்றை விரைந்து ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் சொல்லால் அது 'சஹானா' எனப் பெயர் பெற்றது. அனர்த்தப் பணிகளை இணைப்பதற்கென அரசு நிறுவிய தேசிய செயற்பாட்டு நிலையத்திலே அது பயன்படுத்தப்பட்டது.

சஹானாவின் பயணம் கொழும்போடு நிற்கவில்லை. 2005 ஐப்பசியிற் பாக்கிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்தின் பின்னரும், 2006 இல் பிலிப்பீன்சின் தென் லெய்த்தே மண்சரிவு, யாவாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கம் ஆகியவற்றின் பின்னரும் அது அந்நாடுகளில் நிறுவப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயன் கருதி வழங்கும் விருது, 2006 ஆம் ஆண்டுக்குரியது, அதற்கே கிடைத்தது. ஆயினும் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தொல்லை கூடவே சென்றது. பீ.எச்.பீ. என்னும் மொழியில் எழுதப்பட்ட அம்மென்பொருள் ஓடவேண்டுமாயின், சென்ற இடத்துக் கணினியில் அம்மொழியை விளங்கும் இயங்குபொறி இருத்தல் வேண்டும்; மை எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தளம் இருத்தல் வேண்டும். வலைச் சேவையகம் இருத்தல் வேண்டும். இவை ஒவ்வொன்றும் உரிய பதிப்பாகவும் இருத்தல் வேண்டும். இறந்தோரை இன்னும் அடக்கி முடியாத ஊரிலே இருந்து பதிப்பெண் ஒப்புநோக்குவார் யார்? முறைமை முழுவதையும் ஓர் இறுவட்டில் அடக்கி, வட்டை இட்டவுடன் கணினி அதிலிருந்தே எழுந்து ஓடுமாறு செய்த முயற்சி இத்தொல்லையை நீக்கும் பொருட்டே எழுந்தது.

ஓரிடத்தில் ஆக்கிய மென்பொருளை, அது வேண்டிநிற்கும் சூழலோடு சேர்த்தே கட்டி, இன்னோரிடத்தில் மாறாமல் ஓட்டுவது எங்ஙனம்? சேவையகங்களில் இக்காலத்து வழங்கும் 'கொள்கலன்' முறையின் வரலாறு இவ்வினாவுக்குரிய விடையின் வரலாறே. அவ்விடையின் ஒரு பாதியை உலகம் விரைந்து கற்றுக்கொண்டது. மறு பாதி, எதனைக் கொள்கலனுள் வைக்கலாகாது என்பது; அதனை இழந்து இழந்தே கற்று வருகின்றது.

கொள்கலன் என்னும் பெயர் கப்பற்றுறையிலிருந்து வந்தது. மூடையும் பீப்பாவும் பேழையும் ஒவ்வொன்றாகத் தொழிலாளர் தோளில் ஏறி இறங்கிய காலத்திலே, கப்பல் கடலில் ஓடிய நாளினும் துறையிற் கிடந்த நாளே மிகுதி எனச் சொல்லத்தக்க நிலை இருந்தது. அமெரிக்காவிலே பாரவூர்தித் தொழில் நடத்திய மல்கம் மக்லீன் என்பார், ஊர்தியின் பெட்டியைச் சரக்கோடு அப்படியே கழற்றிக் கப்பலில் ஏற்றினால் என்ன என்று எண்ணினார். 1956 ஆம் ஆண்டு சித்திரை 26 ஆம் நாள் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஏற்ற ஒரு தொன்னுக்கு 5 டொலர் 86 சதம் சென்ற அக்காலத்தில், இம்முறையால் 16 சதத்துக்கும் குறைவே சென்றதெனக் கணக்கிட்டனர். பின்னர், 1960 களின் பிற்பகுதியிலே பெட்டியின் அளவுகள் உலகப் பொது நியமங்களாக வகுக்கப்பட்டன. மக்லீனின் பெட்டியிலும் இந்நியமமே பெரிதென்று சொல்ல வேண்டும். பெட்டியினுள் தேயிலையோ, தையற்பொறியோ, பாரந்தூக்கிக்கு அதுபற்றிக் கவலையில்லை. வெளியளவும் மூலைப் பூட்டும் ஒன்றாயின் உலகின் எத்துறையிலும் தூக்கலாம். கொழும்பிலே ஜயா கொள்கலன் முனையம் 1985 இல் தொழிற்படத் தொடங்கியது. 2018 இல் அத்துறைமுகம் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 70 இலட்சத்தைக் கடந்தது.

கல்முனைக்குத் தெற்கே ஒலுவிலிலும் 2013 இல் ஒரு துறைமுகம் திறக்கப்பட்டது. டென்மார்க்கின் கடனுதவியோடு எழுந்த அத்துறையின் வாயிலை மணல் தூர்த்தது. வடபாற் கரையைக் கடல் அரித்தது. வணிகக் கப்பல் கொள்கலன் இறக்கும் துறையாக அது விளங்கவில்லை. துறைமுகத்திற்கு அயலிலே, 1995 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி மறுவாண்டு பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உளது. கடல்வழி வாராத கொள்கலன் அங்குக் கணினி பயில்வோரிடத்துப் பாடமாக வந்து சேர்ந்தது எனின் நகையாடலாகாது.

இனிச் சேவையகத்தை நோக்குவோம். பிற கணினிகள் கேட்பவற்றுக்கு இரவும் பகலும் விடையிறுத்துக் கொண்டிருப்பதே சேவையகம். ஆக்குவோர் தம் மேசையிலே ஒரு மென்பொருளை ஓட்டிப் பார்ப்பது ஒன்று. மக்கள் உண்மையாகவே பயன்படுத்தும் சேவையகத்தில் அதனை ஓட்டுவது வேறொன்று. பின்னதை மெய்ப்பணிச் சூழல் எனலாம். மேசையில் ஓடியது மெய்ப்பணியில் ஓடாது நின்றுவிடுவதும், "என் கணினியில் ஓடிற்றே" என ஆக்கியோர் கைவிரிப்பதும் இத்தொழிலில் எல்லாரும் அறிந்த புலம்பல். இரு மென்பொருள்கள் ஒரே துணைநூலகத்தின் இருவேறு பதிப்புகளைக் கேட்குமாயின் ஒரு சேவையகத்தில் இரண்டையும் வைப்பது அரிதாகும். எனவே ஒன்றுக்கு ஓர் இயந்திரமாக வாங்கி அடுக்கினர். அவற்றுட் பெரும்பாலானவை தம் வலுவிற் சிறு பங்கையே பயன்படுத்தி, மின்சாரத்தை மாத்திரம் முழுதாக உண்டன.

இதற்குக் கண்ட முதல் மருந்து மெய்நிகர் இயந்திரம். ஓர் இயந்திரத்தைப் பல இயந்திரங்கள் போலத் தோற்றச் செய்யும் இவ்வித்தையை ஐ.பி.எம். நிறுவனம் 1960 களிலேயே தன் பெருங்கணினிகளிற் கையாண்டது. வீஎம்வெயர் நிறுவனம் 1999 இல் அதனைச் சாதாரண கணினிகளுக்குக் கொணர்ந்தது. ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துள்ளும் ஒரு பணிசெயல் முறைமை முழுதாக இருக்கும். பாதுகாப்பு மிகுதி, பாரமும் மிகுதி.

கொள்கலன் இதனின் வேறுபட்டது. வேறுபாட்டைக் கல்முனைக் கரையின் வளவொன்றைக் கொண்டே விளக்கலாம். தாயின் வளவைப் பெண்மக்களுக்குச் சீதனமாகப் பிரித்து வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கு இக்கரையில் முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் ஒருங்கே உண்டு. மூத்தவளுக்கு ஒரு பங்கு, இளையவளுக்கு ஒரு பங்கு என வேலி எழும். ஒரு வேலிக்குள் இருப்போர்க்கு அடுத்த முற்றம் தெரியாது. ஆயினும் வேலி புதிது, கிணறு பழையது. எல்லாரும் அவ்வொரு கிணற்றிலேயே அள்ளுவர். மெய்நிகர் இயந்திரம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக்கிணறு தோண்டுவதை ஒக்கும். கொள்கலன் கிணற்றைப் பொதுவாக விட்டு வேலியை மாத்திரம் எழுப்புவதை ஒக்கும். இங்குக் கிணறு என்றது பணிசெயல் முறைமையின் உட்கருவை. அதனைக் கேர்னல் என்பர். தனிக்கிணறு தோண்டாமையாற் கொள்கலன் நொடிப்பொழுதில் எழும். ஓர் இயந்திரத்தில் நூற்றுக்கணக்கில் அடங்கும்.

அவ்வேலி ஒரு நாளில் எழுந்ததன்று. 1979 இல், பெல் ஆய்வுகூடத்து யுனிக்ஸின் ஏழாம் பதிப்பிலே 'சேஞ்ச் ரூட்' என்னும் வசதி தோன்றியது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குக் கோப்புமரத்தின் ஒரு கிளையைக் காட்டி, இதுவே வேர், இதற்கு மேல் ஒன்றுமில்லை என நம்பச் செய்வது அது. கோப்புகளை மறைத்ததேயன்றி வேறெதனையும் அது மறைக்கவில்லை. இருபது ஆண்டு கழிந்து, ஒரு சிறு வலைத்தள நிறுவனம் தன் வாடிக்கையாளரை ஒருவரினின்று ஒருவர் பிரித்து வைக்க வழிகேட்டபோது, டென்மார்க்கு நாட்டவரான போல் ஹென்னிங் காம்ப் என்பார் 'சிறை' எனப் பெயரிய அமைப்பை ஆக்கினார். 2000 ஆம் ஆண்டு பங்குனியில் வெளிவந்த பிரீ பீ.எஸ்.டி. நான்காம் பதிப்பில் அது இடம்பெற்றது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005 இல் சோலாரிஸ் பத்தாம் பதிப்போடு வெளியிட்ட 'வலயங்கள்' அவ்வழி வந்தவை.

லினக்ஸிலோ வேலி துண்டுதுண்டாக எழுந்தது. 2002 முதற் சிறிது சிறிதாகச் சேர்ந்த 'பெயர்வெளி' என்னும் ஏற்பாடு, ஒரு நிரலுக்குத் தெரியும் கோப்பு, வலையமைப்பு, ஏனைய நிரல்களின் எண் ஆகியவற்றை வரையறுத்தது. வேலியிட்டால் மாத்திரம் போதாது. ஒரு வீட்டார் விடியுமுன் கிணற்றை இறைத்துவிடாமல், இன்னாருக்கு இத்தனை வாளி என்ற கட்டும் வேண்டும். அதனைக் கூகிள் நிறுவனத்துப் பொறியாளர் 2006 இல் எழுதத் தொடங்கினர். முதலில் அவர் இட்ட பெயரிலேயே 'கொள்கலன்' என்னும் சொல் இருந்தது. அச்சொல் கேர்னலினுள் வேறு பொருள்களிலும் வழங்கியமையால், மயக்கம் நீங்கக் 'கட்டுப்பாட்டுக் குழு' என மாற்றினர். 2008 தொடக்கத்தில் வெளியான லினக்ஸ் 2.6.24 இல் அது சேர்ந்தது. பெயர்வெளியையும் கட்டுப்பாட்டுக் குழுவையும் ஒருங்கிணைத்த எல்.எக்ஸ்.சி. என்னும் கருவியும் அவ்வாண்டே தோன்றியது. ஆகவே 2008 இலேயே கொள்கலனுக்கு வேண்டியன யாவும் ஆயத்தம். ஆயினும் அதனை அறிந்தோர் சிலரே. மக்லீனின் பெட்டி இருந்தது; மூலைப் பூட்டின் நியமம் இல்லை.

அந்நியமத்தைத் தந்தது டொக்கர். டொட்கிளவுட் என்னும் சிறு நிறுவனத்தைச் சேர்ந்த சொலமன் ஹைக்ஸ், 2013 பங்குனி 15 ஆம் நாள், கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் நடந்த பைதன் மொழியாளர் மாநாட்டிலே ஐந்து நிமிடம் பேசினார். அவ்வைந்து நிமிடமே தொடக்கம். டொக்கரின் இலச்சினை, முதுகிலே பெட்டிகளை அடுக்கிச் சுமக்கும் திமிங்கிலம். அது கேர்னலில் புதிதொன்றும் சேர்க்கவில்லை. பொதி கட்டும் முறையைச் சேர்த்தது. மென்பொருள் எந்த அடிப்படையில் நிற்க வேண்டும், எவ்வெத் துணைநூலகம் எப்பதிப்பில் வேண்டும், தொடங்கும்போது எக்கட்டளை இடவேண்டும் என்பவற்றைச் சமையற்குறிப்பைப் போல ஒரு கோப்பில் எழுதுவர். அக்குறிப்பின்படி அடுக்கடுக்காக ஆக்கப்படுவது 'படிமம்'. அப்படிமத்துக்கு அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணித்த ஓர் அடையாள எண் உண்டு. உள்ளே ஓர் எழுத்து மாறினும் எண் மாறும். படிமத்தை ஒரு களஞ்சியத்தில் இடுவர். வேண்டுவோர் அங்கிருந்து இறக்குவர். இறக்கி ஓட்டும்போது எழுவதே கொள்கலன். ஒரே படிமத்திலிருந்து பத்துக் கொள்கலனும் எழலாம், பதினாயிரமும் எழலாம். சஹானா காவிச்சென்ற தொல்லைக்கு இதுவே விடை. அது முதலிற் பயணப்பட்டு எட்டாண்டு கழிந்து வந்த விடை. 2015 ஆனியில் டொக்கரும் அதன் போட்டியாளரும் சேர்ந்து பொது நியமம் வகுக்கும் ஓர் அமைப்பை நிறுவினர். பின்னர் டொக்கர் நிறுவனம் தன் வணிகத்தின் ஒரு பகுதியை 2019 இல் விற்க நேர்ந்தபோதும் கொள்கலன் முறை ஆடவில்லை. நியமம் ஒருவர் கையில் இல்லாமையே காரணம்.

ஒரு கொள்கலனை ஓட்டுவது எளிது. மெய்ப்பணியில் ஆயிரத்தை ஓட்டுவது வேறு கலை. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளை எண்ணுக. ஆண்டு முழுதும் அமைதியாய் இருந்த தளத்திலே, ஒரு நாழிகைக்குள் இலட்சக்கணக்கானோர் தத்தம் சுட்டெண்ணை இடுகின்றனர். காலையில் நான்கு கொள்கலன் போதும். நண்பகலில் நானூறு வேண்டும். மாலையில் மீண்டும் நான்கு. எந்த இயந்திரத்தில் இடம் உண்டு, எது நின்றுபோயிற்று, எதன் பதிப்பை மாற்ற வேண்டும் என்பவற்றை மனிதர் இருந்து பார்த்தல் இயலாது. கூகிள் நிறுவனம் 'போர்க்' எனப் பெயரிய அமைப்பால் இதனை நெடுங்காலம் தன்னுள்ளே செய்து வந்தது. வாரந்தோறும் 200 கோடிக்கு மேற்பட்ட கொள்கலன்களை எழுப்புவதாக 2014 இல் அந்நிறுவனத்தார் வெளிப்படுத்தியபோது கேட்டோர் வியந்தனர். அவ்வாண்டு ஆனியிலேயே அவ்வனுபவத்தைக் கொண்டு புதிதாக எழுதிய கருவியை யாவர்க்கும் திறந்து வைத்தனர். அதன் பெயர் குபெர்னெட்டீஸ். கிரேக்க மொழியில் கப்பலோட்டி என்பது பொருள். தமிழில் மீகாமன் என்னும் அழகிய சொல் அதற்கு இருக்கின்றது.

இம்மீகாமன் தொழிற்படும் முறை நுணுகி நோக்கத்தக்கது. இதைச் செய், அதைச் செய் என அதற்குக் கட்டளையிடுவதில்லை. இருக்கவேண்டிய நிலை இது என எழுதிக் கொடுப்பர்: இப்படிமத்தில் ஆறு கொள்கலன், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நினைவகம், உயிரோடிருக்கின்றதா எனப் பத்து நொடிக்கொருமுறை கேட்க. அது இருக்கும் நிலையை இடையறாது நோக்கி, எழுதிய நிலையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தீர்க்கும். ஒன்று விழுந்தால் அதற்கு மருந்திடாது. நீக்கிவிட்டு வேறொன்றை எழுப்பும். புதிய பதிப்பு வருங்கால் ஒன்றொன்றாக மாற்றும். மாற்றியது நிலைக்கவில்லையெனிற் பழைய படிமத்துக்கு மீளலாம். இலங்கையருக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு பங்கு உண்டு. சஹானாவை ஆதரித்த அமைப்பை நிறுவிய சஞ்ஜீவ வீரவரண, 2005 இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் மென்பொருள் நிறுவனத்தை வேறிருவரோடு தொடங்கினார். அவ்விருவருள் ஒருவரான தாவனம் சிறினிவாஸ் பின்னாளிற் குபெர்னெட்டீஸின் வழிநடத்துங் குழுவில் இடம்பெற்றார்.

ஆயினும் எல்லார்க்கும் மீகாமன் வேண்டும் என்பது பிழை. ஒரு பாடசாலைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஓர் இயந்திரத்தில் மூன்று நான்கு கொள்கலன் ஓடுவது போதும். வாவியில் வலைவீசுவோனுக்குத் தோணி போதாதா? கருவியை ஆளத் தெரிந்தவர் இருவரேனும் இல்லாத இடத்தில் அக்கருவியே நோயாகிவிடும். இதற்குச் சான்று தேடிப் போகவேண்டியதில்லை. 2018 மாசியிலே டெஸ்லா நிறுவனத்தின் குபெர்னெட்டீஸ் ஆளுகைப் பலகம் கடவுச்சொல் இன்றித் திறந்து கிடந்ததும், அந்நியர் அதனுட் புகுந்து மின்னாணயம் அகழ்ந்ததும் வெளியாயின. பெருநிறுவனத்துக்கே அது நேர்ந்தது.

பொதுக்கிணற்றின் ஆபத்தும் மறக்கற்பாலதன்று. 2019 மாசியிலே, கொள்கலன்களை எழுப்பும் 'ரன்-சி' என்னும் சிறு நிரலில் ஒரு பழுது அறிவிக்கப்பட்டது. தீயோன் ஆக்கிய கொள்கலனொன்று, தன் வேலியினுள்ளே இருந்தபடியே வெளியே உள்ள அந்நிரலை மாற்றியெழுதி, இயந்திரம் முழுவதையும் கைப்பற்றக்கூடும் என்பது அது. டொக்கர், குபெர்னெட்டீஸ் என யாவும் அச்சிறு நிரலின் மீதே நின்றமையால் உலகெங்கும் ஒரே வாரத்தில் திருத்த வேண்டியதாயிற்று. கடல்கோளின் பின் கீழ்க்கரைக் கிணறுகளில் உப்பு ஏறியபோது, வேலி எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. இதனாலேயே, ஒருவரையொருவர் நம்பாத வாடிக்கையாளரை ஏற்கும் நிறுவனங்கள் கொள்கலனை மெய்நிகர் இயந்திரத்தினுள் வைத்து ஓட்டுகின்றன.

இனி அந்த மறு பாதி. படிமம் மாறாதது, கொள்கலன் நிலையாதது. கொள்கலன் ஓடும்போது அதனுள் எழுதப்படுவன ஒரு மெல்லிய மேலடுக்கிலே தங்கும். கொள்கலனை நீக்கினால் அவ்வடுக்கும் அதனோடு நீங்கும். விழுந்ததை நீக்கிப் புதியதை எழுப்பும் மீகாமனுடைய வலிமை முழுவதும் இந்நிலையாமையின் மேலேயே கட்டப்பட்டது. எனின், காணாமற்போனோர் பதிவேடு எங்கே எழுதப்படும்? மாணவரின் புள்ளி எங்கே இருக்கும்? கொள்கலனுக்கு வெளியேதான். அதற்கென வேறாக வைத்த சேமிப்பிடத்தைக் கொள்கலனோடு பிணைப்பர். கொள்கலன் போனாலும் சேமிப்பிடம் நிற்கும். இதனை அறியாத புதியோர், தரவுத்தளத்தைக் கொள்கலனுள்ளேயே வைத்து, ஒரு நாள் பதிப்பை மாற்றும்போது அனைத்தையும் இழப்பது இத்தொழிலின் முதற்பாடமாக இருந்துவருகின்றது.

குபெர்னெட்டீஸை ஆக்கியோர்க்கும் இது எளிதாக இருக்கவில்லை. சேவையகங்களைப் பெயரிட்டு வளர்க்கும் செல்லப்பிராணி என்றும், எண்ணிட்ட மந்தை என்றும் இருவகைப்படுத்துதல் அத்தொழிலாளர் வழக்கு. மட்டக்களப்புத் தமிழகத்திலே வீட்டு முற்றத்துப் பசுவுக்கும் பட்டி மாட்டுக்கும் உள்ள வேறுபாடு எனலாம். முற்றத்துப் பசு நோயுற்றால் வீடே விழித்திருக்கும்; பட்டியில் ஒன்று குறைந்தால் கணக்கு மாறும், அவ்வளவே. கொள்கலன் யாவும் பட்டி மாடு என்று தொடங்கிய குபெர்னெட்டீஸ், தரவுத்தளம் அவ்வாறாகாது எனக் கண்டு, 2016 இல் நிலையான பெயரும் நிலையான சேமிப்பிடமும் உடைய ஒரு வகையைச் சேர்த்தது. அதற்கு முதலில் இட்ட பெயர் 'செல்லப்பிராணித் தொகுதி' எனப் பொருள்படுவது. அவ்வாண்டு முடியுமுன் அப்பெயரை மாற்றிவிட்டனர். பெயர் மாறினும் அது ஒப்புக்கொண்ட உண்மை மாறவில்லை: ஓடுவது வேறு, நிற்பது வேறு.

நிற்பதற்கு ஒரு சேமிப்பிடம் அமைந்துவிட்டால் போதுமோ? 2023 ஆவணி 26 ஆம் நாள் இலங்கை அரசின் முகிற் சேவையகத்தில் மீட்புப்பணம் கேட்கும் நச்சுநிரல் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் அதன் வாய்ப்பட்டன. முறைமையைச் சில மணிநேரத்தில் மீண்டும் எழுப்பிவிட்டனர். ஆனால் அவ்வாண்டு வைகாசி 17 முதல் அன்றுவரை உள்ள கடிதங்கள் மீளவில்லை. இணைப்பில் இருந்த காப்புப்பிரதியையும் நச்சுநிரல் பூட்டிவிட்டது. அவ்விடைக்காலத்துக்கு இணைப்பறுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. 2013 ஆம் ஆண்டுப் பதிப்பாகிய அஞ்சல் மென்பொருள் பணமின்மையால் மாற்றப்படாது ஓடிவந்தது என்பதும் வெளிவந்தது. அது கொள்கலனில் நிகழ்ந்த இழப்பன்று. ஆயினும் கொள்கலன் காலத்துக்கு உரிய பாடம் அதனுள் அப்படியே இருக்கின்றது. ஓடும் முறைமையைச் சில மணிநேரத்தில் திரும்பக் கட்டலாம். எழுதப்பட்ட கடிதத்தைத் திரும்பக் கட்டுதல் இயலாது.

செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க தென்கொரியாவிலும் இதுவே நிகழ்ந்தது. 2025 புரட்டாதி 26 ஆம் நாள் தேஜொன் நகரத்து அரசத் தரவு நிலையத்தில் மின்கலம் தீப்பற்றியது. 709 முறைமைகள் நின்றன. அவற்றுட் பெரும்பாலானவை வாரங்களில் மீண்டன. அரச அலுவலர் தம் கோப்புகளை இட்டுவைத்த சேமிப்பகம் ஒன்று, 858 தெராபைட்டு அளவினது, முற்றாக அழிந்தது. மிகப் பெரிதாகையால் அதற்கு வேறிடத்திற் பிரதி எடுக்கவில்லை என்றனர்.

பிரதி எடுப்பதோடும் கடமை முடிவதில்லை என்பது இத்தொழிலில் முதிர்ந்தோர் கூற்று. எடுத்த பிரதியிலிருந்து ஒரு வெற்று இயந்திரத்தில் முழுவதையும் மீட்டுப் பார்த்தாலன்றி அது பிரதியாகாது. கொள்கலன் முறை இவ்விடத்திற் பேருதவி செய்கின்றது. படிமம் களஞ்சியத்தில் இருக்கின்றது; இருக்கவேண்டிய நிலை கோப்பாக எழுதப்பட்டிருக்கின்றது; ஆகவே மாதம் ஒருமுறை வேறொரு சேவையகத்தில் அனைத்தையும் எழுப்பி, காப்புப்பிரதியை அதிற் பிணைத்து, பதிவுகள் வருகின்றனவா எனப் பார்த்தல் ஒரு முற்பகல் வேலையே. பழைய முறையில் அது ஒரு கிழமை வேலை; ஆகையால் யாரும் செய்யவில்லை.

பிரதியை வேறிடத்தில் வைக்கும் வழக்கு கணினியோடு வந்ததன்று. இலங்கையிற் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளை இரு பிரதியாக எழுதி, ஒன்றைப் பிறிதோரிடத்திற் பேணுதல் தாளும் மையும் மாத்திரம் இருந்த காலத்து ஏற்பாடு. கடலுக்கு ஐம்பது யாருக்குள் இருந்த வீட்டின் பெட்டி போயிற்று, அதிலிருந்த சான்றிதழ் போயிற்று, பதிவு போகவில்லை. 2005 இல், கடல்கோளாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே நடமாடும் சேவைகள் நடத்தப்பட்டன. முகாமிலிருந்து வந்தோர் தம் பெயரையும் பிறந்த ஆண்டையும் தாய் தந்தையர் பெயரையும் வரிசையில் நின்று சொன்னார்கள். எழுதுவினைஞர் அவற்றைக் குறித்துக்கொண்டு, இருக்கும் பேரேட்டிற் பக்கத்தைத் தேடி, புதிய சான்றிதழ் எழுதிக் கொடுத்தனர்.